இருபது கிலோ கல்லும் நூற்றைம்பது கிராமும்

மேடையில் வீற்றிருக்கும் எடைக்கருவிப் பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் பட்டறை முதலாளி அவர்களே, மருத்துவமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கும் உணவியல் நிபுணர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, கண்கலங்கி வந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசையில் செல்போனை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? எடைப் பரிசோதனைப் பிரிவின் தலைமைப் பரிசோதகரை இழந்துவிட்டுக் கூடியிருக்கிறோம்! முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் கை வைத்த தராசு ஒன்றாவது "சரியில்லை" என்று திரும்பி வந்ததுண்டா? முதலாளி தலையை ஆட்டுகிறார். வந்ததில்லை! எடைக்கல்லில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கையுறை இல்லாமல் யாராவது கல்லைத் தொட்டுவிட்டால், "உன் கைரேகைக்கும் எடை இருக்குடா" என்று பாய்வார். அதனால்தான் அவருக்கு 'மில்லிகிராம்' என்று பெயர் வைத்தோம். அப்போது அவர் எடை தொண்ணூற்றாறு கிலோ. அந்தப் பெயரைக் கேட்டு வாடிக்கையாளர்கள் அவரைத் தேடிவிட்டு, எதிரில் நிற்பவரையே தாண்டிப் போவார்கள்.

எங்கள் மில்லிகிராம் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டு மணி. இன்னும் கதவை முழுதாகத் திறந்திருக்க மாட்டோம். இருபது கிலோ சோதனைக் கல்லைத் தன் இரண்டு கையாலும் தூக்கி, மேடைத் தராசின் நடுவில் வைப்பார். முள் இருபதில் நின்றால்தான் அன்றைக்கு வேலை. வேறு யாரையும் தூக்க விட மாட்டார். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் இதற்குள்தான் இருக்கிறது.

ஆம், குற்றம்தான்! இரங்கல் கூட்டத்தில் போனவரின் பெருமையைச் சொல்ல வேண்டும். நான் என் யோக்கியதையையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு மேடை கிடைக்காது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்க வேண்டும். அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். எல்லாம் பொருந்தியது. அறுவை மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இந்த எடையோட கத்தி வைக்க மாட்டேன். எண்பத்தாறுக்கு வாங்க."

பத்துக் கிலோ! தன் மனைவிக்கும் உயிருக்கும் நடுவில் பத்துக் கிலோ நிற்கிறது. எடையோடே வாழ்ந்த மனிதருக்கு எடையே எதிரியாக வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அப்போது ஒரு மேதாவி குறுக்கே வந்தான். முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு நாளைக்கு நானூத்தம்பது கலோரி. ஒரே மாசத்துல பத்துக் கிலோ" என்று நீட்டினான். அந்த மேதாவி உங்கள் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஒரு முட்டை, ஒரு வெள்ளரிக்காய், அரை ஆப்பிள், தண்ணீர் மாதிரி ஒரு சூப். சும்மா சாப்பிட்டாரா? நகைக்கடைக்காரர்கள் பழுதுக்குக் கொடுத்த நுண் தராசில் வெள்ளரிக்காயை வைத்து எடை பார்த்தார்! முட்டையை ஓட்டோடு ஒரு தடவை, உரித்து ஒரு தடவை நிறுத்து, ஓட்டைக் கழித்து எழுதினார். ஆப்பிளில் விதை ஒன்று கூடுதலாக இருந்ததென்று கணக்கைத் திருத்தினார்.

மூன்று வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது. பட்டறையே கைதட்டியது. நான் கூடுதலாகத் தட்டினேன். எண்பத்தொன்பது! இன்னும் மூன்றே கிலோ!

அந்த மூன்று கிலோ இருக்கிறதே, அது ஒரு அடி நகரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். அதே முட்டை, அதே வெள்ளரிக்காய், அதே எண்பத்தொன்பது. ஒரு நாளைக்குப் பதினோரு தடவை தராசில் ஏறினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறினார். அப்புறம் எண் தெரியாமல், "டேய், எவ்வளவுன்னு பாருடா" என்று என்னைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் வியர்த்து வழியும்போது அவர் மட்டும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினார். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஒரு நாள் ஒரு கிலோ பித்தளைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது கேக் மாதிரியே இருக்குல்ல?" என்றார். நான் அந்தக் கல்லை மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

எடை இறங்காவிட்டால் ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சாப்பாட்டைச் சந்தேகிப்பார்கள், உடம்பைச் சந்தேகிப்பார்கள். நாங்கள் என்ன செய்தோம்? தராசைச் சந்தேகித்தோம்! நான்கு பேர் உட்கார்ந்து ஒரு காலைப் பொழுது முழுவதும் அந்தத் தராசைப் பிரித்துப் போட்டோம். துடைத்தோம், எண்ணெய் விட்டோம், தரை சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் பார்த்தோம். சுவரோரம் வைத்தோம், வாசலில் வைத்தோம். தராசு ரொம்ப நல்ல தராசு. அண்ணன்தான் எண்பத்தொன்பது.

அன்று மதியம் அவர் இருபது கிலோ கல்லைத் தூக்கப் போனார். தூக்க முடியவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவை! கல்லைத் தரையிலேயே விட்டுவிட்டு, "இனிமே காலையில நீ வெச்சுப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரிதான்" என்றார்.

நீ சொன்னா சரிதான்! அந்த வார்த்தையைக் கேட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தராசுக்கு அடியில் இருக்கும் திருகைத் தினமும் கொஞ்சம் திருப்பிவிட்டேன். நம் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் உண்டா? சங்கத் தலைவர் என்னை முறைக்கிறார். முறையுங்கள் ஐயா, நியாயம்தான்.

எண்பத்தெட்டு. எண்பத்தேழு. எண்பத்தாறு! அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். அண்ணிக்குப் போன் போட்டார். அந்தப் போனில் அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மருத்துவமனைத் தராசு எண்பத்தொன்பதரை காட்டியது. அண்ணன் அசரவில்லை. "உங்க தராசு தப்பு" என்றார். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். ஆட்டோவில் ஏற்றி வந்திருந்த ஐந்து கிலோ கற்கள் நான்கை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தராசில் அடுக்கினார். செவிலியர்கள் கூடிவிட்டார்கள். முள் சரியாக இருபதில் நின்றது. மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எடையை விடுங்க, இந்த உடம்புல இருந்து நான் ஒண்ணும் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

இதோ மேடையில் இருக்கும் அம்மாதான் அன்று அவரைத் தன் அறைக்குள் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னவர். "நீங்க வெளியில இருந்து கதவைச் சாத்திட்டீங்க. பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சு உடம்பு உள்ள ஒவ்வொரு விளக்கா அணைச்சுட்டு உக்காந்திருக்கு. அதான் குளிருது, அதான் முடி கொட்டுது. மொதல்ல போன ஏழு கிலோவுல பாதி தண்ணி. மிச்சத்துல கொழுப்போட சேர்ந்து தசையும் போயிருக்கு. கல்லைத் தூக்க முடியலேல்ல? இப்ப உடம்பு முன்ன மாதிரி எரிக்கிறதில்ல, இருக்கறதை வெச்சே சமாளிக்குது. இந்த மாதிரி பட்டினி வைத்தியமெல்லாம் நாங்க பக்கத்துல இருந்து, ரத்தம் பாத்துப் பாத்துச் செய்றது. முடிவெட்டற கடையில செய்றதில்ல." அண்ணன் கேட்டாராம்: "அப்ப நான் என்ன பண்ணணும்?" அம்மா சொன்னாராம்: "சாப்பிடணும்."

பட்டறைக்கு வந்தார். இருபது கிலோ கல்லை அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தூக்கித் தராசில் வைத்தார். பத்தொன்பது கிலோ இருநூறு.

"யாரு?"

"நான்தான் அண்ணே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தராசைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பொய் சொன்னா பரவால்லடா. நான் அவகிட்ட எண்பத்தாறுன்னு சொல்லிட்டேனே" என்றார். அவ்வளவுதான். திருகைச் சரிசெய்தார். கல் இருபது காட்டியது. எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார்: அவரோடு சேர்ந்து நானும் அதே சாப்பாடு, அதே நடை, அதே பளு தூக்கும் பயிற்சி. ஐம்பத்தெட்டு கிலோ ஆள் நான்! எதைக் குறைக்க?

ஒன்பது மாதம். மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டார். பருப்பு, முட்டை, காய், அளவாகச் சோறு. முதல் மாதம் எடை ஏறியது. பிறகு மாதத்துக்கு ஒரு கிலோ, முக்கால் கிலோ என்று மாட்டுவண்டி வேகத்தில் இறங்கியது. கம்பளிச் சட்டை போனது. கல்லை மறுபடி அவரே தூக்கினார். எண்பத்தைந்து எண்ணூறு! அறுவை சிகிச்சை நடந்தது; அண்ணனின் சிறுநீரகம் ஒன்று அண்ணிக்குப் போனது.

இந்தத் திருகு விஷயம் அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பதினான்கு ஆண்டு காத்த ரகசியம். அண்ணி, இன்று உங்கள் முன்னால் நான்... என்ன அண்ணி? கொஞ்சம் அமைதியாக இருங்கள், அண்ணி ஏதோ சொல்கிறார்.

"அன்னிக்குச் சாயந்திரமே சொல்லிட்டாரு தம்பி" என்கிறார்!

ஓ! அதனால்தான் பதினான்கு வருஷமாக உங்கள் வீட்டில் எனக்கு மட்டும் சர்க்கரை போடாத தேநீரா?

சரி. வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் மில்லிகிராம் அண்ணன் எழுபத்தோராவது வயதில், மதியச் சாப்பாடு முடித்து, கை கழுவி, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். பசியோடு போகவில்லை. அந்த ஒன்று எனக்குப் பெரிய ஆறுதல். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த இருபது கிலோ கல்லை நான் என் கையால் தூக்கி வைப்பேன். முள் எதைக் காட்டுகிறதோ, அதைத்தான் சொல்வேன். எதிரில் நிற்பவர் அழுதாலும் அதைத்தான் சொல்வேன்! இது அவர்மேல் ஆணை.

அறுவை முடிந்து பட்டறைக்கு வந்த முதல் நாள் தராசில் ஏறி நின்றுகொண்டு அவர் சொன்னார்: "குறைச்ச கிலோவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துரும்டா, எனக்குத் தெரியும். ஒரு நூத்தம்பது கிராம் மட்டும் திரும்பி வராது." அவர் சொன்னபடியே கடைசியில் தொண்ணூறு வரை வந்தார், சந்தோஷமாக வந்தார். அந்த நூற்றைம்பது கிராம் வரவில்லை.

அவருக்காக ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்போம். அண்ணி, நீங்கள் எழ வேண்டாம். அவர் எடையில் மிச்சமிருப்பது உங்களிடம்தான் இருக்கிறது. அது உட்கார்ந்தே இருக்கட்டும்.