இருபத்திரண்டு நாடு கொடுத்த டிரான்ஸ்பார்மர்

வெங்கடப்பன்: ...மலை மாதேஸ்வரன் சாமி மேல சத்தியம் மேடம், இனி நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. வேணும்னா இந்த டிரான்ஸ்பார்மர் மேலயே கை வச்சுச் சொல்றேன்.

மேகலா: கைய எடுங்க பெரியவரே. பதினோராயிரம் வோல்ட்டு. சத்தியம் முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சுருவீங்க.

வெங்கடப்பன்: சரி, கம்பி வேலி மேல வச்சுக்கறேன். வேலியும் வாரியத்துதுதானே.

மேகலா: எங்க வேணா வைங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. கெலமங்கலம் செக்ஷனுக்கு ஏஇ-யா, அசிஸ்டண்ட் இன்ஜினியரா வந்து பன்னெண்டு நாள்தான் ஆச்சு எனக்கு. அதுக்குள்ள புகார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோல்டு ஸ்டோரேஜ் கட்டறாங்களே, அவங்களுக்கு வர வேண்டிய நூறு கேவிஏ டிரான்ஸ்பார்மர் உங்க ஊர்ல நிக்குதாம். இது இங்க எப்படி வந்துச்சு?

வெங்கடப்பன்: ரிஜிஸ்டர்னு ஒண்ணு வச்சிருப்பீங்களே...

மேகலா: வச்சிருக்கோம். ரெண்டு டிரான்ஸ்பார்மர், ரெண்டுக்கும் நேரா 'கெலமங்கலம் செக்ஷன்'னு எழுதியிருக்கு. ஒண்ணு வெளிய போச்சு, ஒண்ணு ஸ்டோர்லயே நிக்குது. போனது யாருது, நிக்கறது யாருதுன்னு எழுதல. எனக்கு முன்னாடி இருந்தவர் மாறிப் போயிட்டாரு.

வெங்கடப்பன்: நல்ல மனுஷன்.

மேகலா: ஏதாச்சும் பேப்பர் இருந்தா காட்டுங்க. இல்லேன்னா நாளைக்குக் காலையில கிரேன் வரும். இத எடுத்துட்டுப் பழைய அறுபத்து மூணு கேவிஏவையே மாட்டிருவாங்க.

வெங்கடப்பன்: பழசா... அதுல ஏழு மோட்டார் ஓடுனா எட்டாவது மோட்டாரு உறுமும், ஓடாதுங்க மேடம். எட்டாவது என்னுது. மூணு வருஷத்துல நாலு தடவ காயில் கட்டுனேன். இப்ப ரெண்டு ஏக்கரா தக்காளி பூ எடுத்திருக்குது. இந்த வாரம் தண்ணி தப்புச்சுன்னா அம்புட்டும் கொட்டிப்போவும்.

மேகலா: அதனாலதான் நேர்ல வந்து கேக்கறேன். எப்படி வந்துச்சு?

வெங்கடப்பன்: இருபத்திரண்டு நாடு சேந்து குடுத்துச்சு. எழுதிக்குங்க. இருபத்திரண்டு.

மேகலா: பேனா எழுதமாட்டேங்குது. சொல்லுங்க.

வெங்கடப்பன்: இருபத்திரண்டு நாட்டு அரசாங்கமும் சேந்து ஒரு சங்கம் வச்சிருக்குது. அதுக்கு ஒரு தலைமை வேணுமில்ல. ஒரே நாடு வச்சுக்கினா மத்தவன் சும்மா இருப்பானா? ஆகவே வருஷத்துக்கு ஒரு நாடுன்னு முறை போட்டுட்டாங்க, ஏரித் தண்ணிக்கு நாங்க முறை போடற மாதிரி. இந்த வருஷம் நம்ம நாட்டு முறை.

மேகலா: தெரியும். பேப்பர்ல வந்துச்சு.

வெங்கடப்பன்: பேப்பர்ல வராதத நான் சொல்றேன். தலைமைக்கு வந்தவங்க சும்மா ஒக்காரக் கூடாது. 'எங்க முன்னுரிமை இதுதான்'னு லிஸ்ட் போடணும். கரண்டுல என்னா செய்வோம், காலநிலையில என்னா செய்வோம்னு. அந்த லிஸ்ட்டப் பத்தி எல்லா ஊராட்சிக்கும் ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. எங்க பிரசிடெண்டு சென்னம்மா பிரிச்சுப் படிச்சுது. மொத வரியே என்னா தெரியுங்களா? 'சுழற்சி முறையில் இவ்வாண்டு தலைமைப் பொறுப்பு நம்மிடம் வந்துள்ளது.'

மேகலா: சரியாத்தானே இருக்கு.

வெங்கடப்பன்: நாட்டுக்குச் சரி. சென்னம்மா எப்படிப் பிரசிடெண்டு ஆச்சு? சுழற்சியிலதான். எங்க ஊராட்சி இந்தத் தடவ பெண்களுக்குன்னு சுழற்சியில வந்துச்சு, அது நின்னுச்சு, ஜெயிச்சுச்சு. ஊர்ல அதுக்குப் பேரே சுழற்சிப் பிரசிடெண்டு. அப்ப அந்த லெட்டரு யாருக்கு வந்திருக்குது?

மேகலா: ஐயய்யோ.

வெங்கடப்பன்: அதேதான். 'நமக்குத்தான் எழுதியிருக்காங்க'ன்னு பேனாவ எடுத்துருச்சு.

சென்னம்மாள்: எடுத்து என்னா மாமா எழுதுனேன்?

வெங்கடப்பன்: ...வாம்மா பிரசிடெண்டு. ஆயுசு நூறு உனக்கு. இவங்க புது ஏஇ மேடம்.

சென்னம்மாள்: வணக்கம் மேடம். நீங்க போன்ல சொன்னதும் கெளம்பிட்டேன்.

மேகலா: வாங்கம்மா. இந்த டிரான்ஸ்பார்மர் விஷயமா உங்ககிட்ட...

சென்னம்மாள்: அவர் முடிச்சுரட்டும் மேடம். நான் என்னென்ன செஞ்சேன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.

வெங்கடப்பன்: பாத்தீங்களா, மறுக்கல. மொத தலைப்பு, 'எரிசக்தி மாற்றம்'. இது படிச்சுது, மாற்றம்னா என்னா, மாத்தறது. கரண்டுல எத மாத்துவாங்க? டிரான்ஸ்பார்மரத்தான் மாத்துவாங்க. 'ஆமாம், உடனே மாற்றவும், அறுபத்து மூன்று போதவில்லை, நூறு வேண்டும்'னு எழுதிருச்சு.

மேகலா: எரிசக்தி மாற்றம்னா நிலக்கரியில இருந்து காத்துக்கும் வெயிலுக்கும் போறதுங்கய்யா.

வெங்கடப்பன்: அது ரெண்டாவது தலைப்புல வருது. 'நிலக்கரிப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்தல்.' அதுக்கு நேரா எழுதுச்சு, 'எங்கள் ஊரில் கரி போட்டுக்கொண்டிருந்தவர் இஸ்திரிக் கடை கருப்பசாமி ஒருவர்தான். அவரும் போன தையிலிருந்து கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். பணி நிறைவு.'

சென்னம்மாள்: பணி நிறைவுன்னு போட்டேனா?

வெங்கடப்பன்: சீல் வச்சுப் போட்ட.

மேகலா: அப்புறம்?

வெங்கடப்பன்: 'சேமிப்பு'ன்னு ஒண்ணு. கரண்ட சேத்து வைக்கறதாம். இது மகளிர் குழுன்னு நெனச்சு, 'எங்கள் ஊரில் நான்கு குழு, தலைவி ராஜாத்தி நேர்மையானவர்'னு எழுதிருச்சு. கடைசியா, 'சூரிய சக்தி'. அதுக்கு எழுதுனதுதான் மேடம் அங்க எல்லாரையும் யோசிக்க வச்சுது.

மேகலா: என்ன எழுதினாங்க?

வெங்கடப்பன்: 'சூரியன் பகலில்தான் வருகிறது. மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்டை மட்டும் எங்களுக்கு இரவில் யானை ராகிக் காட்டுக்குள் வருகிற நேரத்துக்கு விடுகிறீர்கள். சூரியன் வரும்போது கரண்டும் வந்தால் நாங்கள் யானையைப் பார்க்காமல் தண்ணீர் கட்டுவோம்.'

மேகலா: ...இது நிஜமாவே நீங்க எழுதினதாம்மா?

சென்னம்மாள்: எழுதல. எழுதியிருக்கலாம்னு இப்பத் தோணுது.

வெங்கடப்பன்: குறுக்க பேசாத. இந்த லிஸ்ட்ட ஊராட்சி ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருந்துது. அப்பப் பாத்து பெங்களூர்ல அந்தச் சங்கத்துக்காரங்களுக்குக் கூட்டம். கூட்டம் முடிஞ்சு ஒரு வேனு, போச்சம்பள்ளியில பேட்டரி வண்டி செய்யற கம்பெனியப் பாக்கக் கெளம்புச்சு. ஓசூர் பாலத்துல டிராபிக்கு. டிரைவரு குறுக்கு வழின்னு திருப்புனான். வந்து நின்ன எடம் இதுதான்.

மேகலா: போச்சம்பள்ளிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லையே. அது கிருஷ்ணகிரி தாண்டி.

வெங்கடப்பன்: அந்த டிரைவர நீங்க பாக்கல. உள்ள பதினோரு பேரு. இறங்குனாங்க. நான் தமிழ்ல கேட்டேன், முழிச்சாங்க. தெலுங்குல கேட்டேன், முழிச்சாங்க. கன்னடத்துல கேட்டதும் நெட்டையா ஒருத்தன் தலையாட்டுனான். டென்மார்க்காரன்.

மேகலா: டென்மார்க்காரருக்குக் கன்னடமா?

வெங்கடப்பன்: பெங்களூர்ல மூணு வருஷம் இருந்திருக்கான். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரிச்சுக்குங்கன்னு, அது மட்டும் தெரியுது. உலக மாநாட்டுக்கு அது போதுமாம். எந்த நாடு எந்த நாட்டப் பாத்துப் பேசுனாலும் கடைசியில அதத்தான் சொல்லுதாம்.

சென்னம்மாள்: நீங்க சிரிச்சீங்கன்னா இன்னும் இழுப்பாரு மேடம்.

மேகலா: நான் சிரிக்கல. இருமல். அப்புறம்?

வெங்கடப்பன்: அப்புறம் என்னா, லிஸ்ட்டப் படிச்சாங்க...

மேகலா: தமிழ் தெரியாம?

வெங்கடப்பன்: போன வச்சுப் படம் புடிச்சா அதுவே மாத்திச் சொல்லுதே. நம்ம டெல்பின் டீச்சர் வீட்டுல பாத்திருக்கேன். படிச்சுட்டு அந்த டென்மார்க்காரன் சொன்னான், 'பதினாறு வருஷமா நாங்க கூட்டம் போடறோம். எதுவும் இவ்ளோ வெளக்கமா இருந்ததில்ல.' அங்கயே கை தூக்குனாங்க. பதினோரு கை. மிச்சம் பதினோரு நாட்டுக்குப் போன் போட்டாங்க. சரி சரின்னு வந்துச்சு. பத்தாம் நாள் லாரி. லாரியில இது.

மேகலா: கதை நல்லா இருக்கு பெரியவரே. ஆனா...

வெங்கடப்பன்: இன்னும் முடியல. முக்கியமானது பாக்கி. இது அவங்க சங்கத்துத் தலைமை வச்ச டிரான்ஸ்பார்மர். எந்தத் தலைமை வச்சுதோ அந்தத் தலைமைதான் எடுக்கலாம். நம்ம முறை மறுபடி வர இருபத்திரண்டு வருஷம். அதுவரைக்கும் கிரேன் கிட்ட வரக்கூடாது. சட்டம்.

மேகலா: அவங்களுக்கே லெட்டர் போட்டுக் கேட்டுட்டா?

வெங்கடப்பன்: தாராளமா போடுங்க. பதில் வர்றதுக்குள்ள தலைமை வேற நாட்டுக்குப் போயிருக்கும். அவன் புது லிஸ்ட்டு போடுவான். பழசு எந்த அலமாரியில இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

மேகலா: ...அது ஒண்ணு மட்டும் நிஜம்.

வெங்கடப்பன்: என்னாது?

மேகலா: நான் சார்ஜ் எடுத்த அன்னிக்கு அலமாரியில ஒரு லிஸ்ட் இருந்துச்சு. 'அவசரமாக மாற்ற வேண்டியவை.' அழகா எழுதியிருந்தாரு முன்னாடி இருந்தவர். அது என்ன ஆச்சுன்னு கேட்டேன். அது அவர் காலத்து லிஸ்ட்டு மேடம், நீங்க புதுசா ஒண்ணு போடுங்கன்னாங்க.

சென்னம்மாள்: போட்டீங்களா?

மேகலா: போட்டுக்கிட்டிருக்கேன். நானும் ரெண்டு வருஷத்துல மாறிடுவேன்.

சென்னம்மாள்: ஆளுங்க மாறுறாங்க, லிஸ்ட்டு மாறுது. வெயிலு மட்டும் யாரு வந்தாலும் அது பாட்டுக்கு ஏறுது மேடம். போன வருஷம் எண்ணூறு அடியில வந்த தண்ணி இந்த வருஷம் ஆயிரத்துக்குப் போயிருச்சு. ஆழம் போகப் போக மோட்டாரு பெருசாகுது. அதான் அறுபத்து மூணு தாங்கல.

மேகலா: தெரியுதும்மா. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரிப்போர்ட்டுல இருபத்திரண்டு நாடுன்னு எழுத முடியாது. பேப்பர் இல்லேன்னா நாளைக்குக் கிரேன் வந்துதான் தீரும்.

வெங்கடப்பன்: வேணாம் மேடம்.

மேகலா: பெரியவரே...

வெங்கடப்பன்: வேணாம். என்னப் புடிச்சுக்குங்க. அத விட்டுருங்க.

மேகலா: உங்கள எதுக்கு?

வெங்கடப்பன்: கை காட்டுனது நாந்தான்.

சென்னம்மாள்: என்னா மாமா சொல்றீங்க?

வெங்கடப்பன்: லாரி வந்துச்சு. கூட்டு ரோட்டுல நான் தனியா நின்னேன். டிரைவரு தலைய நீட்டி, 'கோல்டு ஸ்டோரேஜ் எந்தப் பக்கம் பெரியவரே'ன்னான். பின்னாடி பாத்தேன், புதுசா இது நிக்குது, பெயிண்டு வாசம் போவல. நேராப் போன்னு சொல்ல வேண்டியவன்... எடது பக்கம் கை காட்டிட்டேன். நம்மூருக்கு.

மேகலா: அவங்க ஒண்ணும் கேக்கலயா?

வெங்கடப்பன்: ஒரு கேள்வி கேக்கல. நேரா இங்க வந்தாங்க, பழச எறக்குனாங்க, இத மாட்டுனாங்க, டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுதான் எனக்கு இன்னும் பயம். அன்னியில இருந்து ஊர்ல யாரு கேட்டாலும் இந்த இருபத்திரண்டு நாட்டுக் கதையத்தான் சொல்லிக்கினு இருக்கேன். கேஸ் போடறதுன்னா எம் மேல போடுங்க. எழுபத்தி நாலு வயசு, எத்தன நாளைக்கு உள்ள வைப்பாங்க... தக்காளி பூ வச்சிருக்குது மேடம்.

சென்னம்மாள்: இந்தாங்க மேடம், இது உங்க ஆபீஸ் சாங்ஷன் ஆர்டர். பின்னாடியே என் மனு நகலு.

மேகலா: ...இடம், இந்த ஊர் ராகிக் களம், கம்பம் நம்பர்... இதே நம்பர். நூறு கேவிஏ. அப்ப இது உங்களோடதேதான். கோல்டு ஸ்டோரேஜ்காரங்களோடதுதான் ஸ்டோர்ல நிக்குது.

வெங்கடப்பன்: அதெப்படி? டிரைவரு கோல்டு ஸ்டோரேஜத்தானே கேட்டான்...

சென்னம்மாள்: அந்த டிரைவரு எங்கிட்டப் போன்ல நம்மூருக்கு வழி கேட்டாரு. கோல்டு ஸ்டோரேஜ்தான் அடையாளம், அங்க வந்ததும் கூப்புடுங்க, ஆள் அனுப்பறேன்னு நாந்தான் சொன்னேன். உங்களத்தான் அந்த ஆளுன்னு நெனச்சிருப்பாரு மாமா.

மேகலா: மனு எண் பதினாலுன்னு போட்டிருக்கே. அதுக்கு முன்னாடி பதிமூணு குடுத்தீங்களா?

சென்னம்மாள்: நாலு வருஷத்துல மேடம். கெலமங்கலம், ஓசூரு, கிருஷ்ணகிரின்னு சுத்தி.

வெங்கடப்பன்: ஏம்மா, இத ஊர்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் இப்படி நாடு நாடா அலையறேன்?

சென்னம்மாள்: மே ஒண்ணாந்தேதி கிராம சபையில மைக்குல சொன்னேன் மாமா, பதினாலு மனு குடுத்து வாங்குனேன்னு. ஒருத்தரும் நம்பல.