டவர் கிடைக்காத வளைவு

வண்டியில் வைஃபை வைப்பது பெரிய வித்தை இல்லை சார். சிம் கார்டு போடுகிற ஒரு ரவுட்டர் வேண்டும், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சிகரெட் பற்றவைக்க என்று வண்டியில் ஒரு துளை வைத்திருக்கிறார்களே, அதில் ஒயரைச் செருகினால் கரண்ட் வந்துவிடும். ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. வேலை முடிந்தது. உங்கள் ஸ்டேஷன் ஜீப்பிலும் வைக்கலாம். இப்போது உங்களுக்கு அதில் ஆர்வம் இருக்காது என்று தெரியும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. படித்ததும் அதுதான். வண்டி என் மைத்துனனுடையது. என் மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு ஓட்டுகிறான். ஓட்டினான்.

வைஃபை வேண்டும் என்று கேட்டது அவன்தான். நானாகப் போய்ச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"மாமா, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி டிரிப் வருது. வண்டியில நெட் இருக்கான்னு கேக்கறாங்க. மேல டவர் கிடைக்காதுல்ல, லேப்டாப்பை மூடி வெச்சுட்டு வழி பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு வரணுமாம்."

"உன் மூஞ்சிக்கு என்ன?"

"அதைத்தான் மாமா நானும் கேட்டேன். ஒருத்தரும் வாயே திறக்கல."

நான் சிரித்தேன். என் மனைவி போன பிறகு நான் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு அதற்குள் யோசனை வந்துவிட்டிருந்தது. சிரித்தது அதனால்தான்.

என் மனைவி அவன் வண்டியில்தான் இறந்தாள். மலையடிவாரத்தில், டவர் நன்றாகக் கிடைக்கிற இடத்தில். போன் அடித்தது. ஓட்டிக்கொண்டே எடுத்தான். பேசினான். பேச்சின் நடுவே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பினான். ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. வண்டியில் அவள் இருந்த பக்கம் அதில் போய் மோதியது. அவனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அவளுக்கு எதுவும் போடத் தேவைப்படவில்லை.

யாரோ சவாரிக்காரர் கூப்பிட்டதாக உங்கள் ஆட்களிடம் சொன்னான். யாரும் துருவிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுந்திரு என்றேன். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். நான் எழுந்திருக்கத்தான் சொன்னேன்.

எனக்குக் கோபம் என்று எதுவும் இல்லை சார். கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். காலையில் பல் தேய்ப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவன் திருந்தினானா இல்லையா. அவ்வளவுதான்.

அதனால் அவ்வப்போது கூப்பிட்டுப் பார்ப்பேன். அவன் வண்டியில் இருக்கிற நேரம் பார்த்துத்தான். ஒவ்வொரு தடவையும் எடுத்தான். மணி சரியாக அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவான்.

"ஓட்டிட்டு இருக்கியா?"

"ஆமா மாமா. சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். திருந்தியிருந்தால் எடுத்திருக்க மாட்டான். அக்காவைக் கொன்ற கை அதே போனை அதே மாதிரி எடுக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நான் அவசரப்படவில்லை. எத்தனையோ வாய்ப்புக் கொடுத்தேன்.

மலைமேல் மட்டும் அவனைப் பிடிக்க முடியாது. கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற பகுதி முழுக்க டவர் இல்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொல்லும். அவன் உயிரோடு இருந்ததற்கு அந்த டவர் இல்லாத தூரம்தான் காரணம் என்று ஒரு நாள் தோன்றியது. பிறகுதான் அவன் வைஃபை கேட்டு வந்தான்.

கூரைமேல் நல்ல ஆண்டெனா வைத்தால் போனுக்கு எட்டாத டவரும் ரவுட்டருக்கு எட்டும். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தித்தான் பொருத்தினேன். ஒயரை இழுத்து, கதவு ரப்பருக்குள் செருகி, வெளியே தெரியாமல் கொண்டுவந்தேன். சுத்தமான வேலை. நீங்கள் வண்டியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது பார்த்தால் தெரியாது.

"மாமா, கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு வண்டி" என்றான்.

"ஓட்டறவனுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னுதான்."

"இது வேறயா" என்று சிரித்தான். ரவுட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை இங்க டேஷ்போர்டு மேலயே ஒட்டிடலாமே? கண்ணுக்கு முன்னாடி இருக்கும்."

"வெயில் பட்டா சூடாயிடும். சீட்டுக்கு அடியில வெச்சுடறேன்."

"நீங்க சொன்னா சரி மாமா."

எங்கே வைப்பது என்பதில்தான் நான் நேரம் எடுத்துக்கொண்டேன். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில், உள்ளே தள்ளி, விளக்கு இருக்கிற முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன். அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு வரை சாய்ந்து, தலையைச் சீட்டுக்குக் கீழே கொண்டுபோனால்தான் விளக்கு தெரிந்தது. அப்படிச் சாய்ந்தால் சாலை தெரியவில்லை. சரிபார்த்துக்கொண்டேன்.

அவன் போன் டேஷ்போர்டு டிராயருக்குள் கிடந்தது. ஓட்டும்போது அங்கேதான் வைப்பேன் என்றான். நாடகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வைஃபைக்குப் பெயர் என்ன வைக்கட்டும் என்று கேட்டேன். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். பிறகு, "அக்கா பேரு வைங்க மாமா" என்றான். வைத்தேன்.

அந்த ரவுட்டரை நெட் வழியாக எங்கிருந்தும் கண்காணிக்கலாம். என் அலுவலக மேஜையில் உட்கார்ந்தபடியே வண்டி எங்கே போகிறது, எத்தனை போன் அதில் இணைந்திருக்கிறது என்று தெரியும். டிரிப் போன அன்றைக்குக் கம்பெனிக்காரர்களை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். இணைந்திருந்தது ஒரு போன். அவனுடையது. வண்டியில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூப்பிட்டேன். நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் இல்லை.

வரைபடத்தில் அந்த நீலப் புள்ளி வளைவுகளுக்குள் நுழைந்தது. பக்கத்து மேஜைக்காரர், "என்ன தம்பி, காலையிலேர்ந்து மேப்பையே முறைச்சுட்டு இருக்கீங்க, எங்கயாவது ஓடிப்போகப் போறீங்களா?" என்றார். அவர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன். அதற்குள் இரண்டு வளைவு போய்விட்டது. மிச்சம் இருந்தது.

நெட் வழியாகத்தான் கூப்பிட்டேன். எடுத்தான். உடனே எடுத்தான்.

"மாமா! மேல இருக்கேன், இங்கயும் கேக்குது பாருங்க!"

அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. என் வேலையில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட வந்தது. மறைக்க விரும்பவில்லை.

"பெட்டியில விளக்கு என்ன கலர்ல எரியுதுன்னு பாரு. பச்சையா, ஆரஞ்சா?"

"இப்பவா மாமா?"

"இப்பதான் தெரியணும்."

"இருங்க, பாக்கறேன்."

அவன் குனிகிற சத்தம் கேட்டது. பின்னால் ஒரு குரல் கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன்.

"பச்சைதான் மாமா" என்றான்.

அதற்குப் பிறகு என் திரையில் இணைந்திருக்கும் கருவிகள் என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது.

வண்டியில் அத்தை இருந்தார். என் மாமியார். அந்தப் பக்கத்தில் இருக்கிற கண் டாக்டரைப் பார்க்க அவனோடு போயிருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதற்கு வைஃபை தெரியாது. திரையில் எப்படிக் காட்டும்? இது நான் செய்த தவறு. ஒப்புக்கொள்கிறேன். அத்தையின் மீது எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

அவர் மட்டும் பிழைத்துக்கொண்டார். தோள் எலும்பு முறிந்திருக்கிறது. தூக்கத்தில் ஓட்டியிருப்பான் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் அப்படியே வீட்டில் இருந்திருக்கலாம். நேற்று அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன்.

கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. பின்னாடி இருந்து நான் கத்தினேன், வளைவு வருதுடா, அப்புறம் பேசுடான்னு. மாமா கூப்பிடறாரும்மா, எடுக்காம இருப்பேனான்னான்."

நான் அவர் தலையணையைச் சரிசெய்து வைத்தேன்.

"அக்கா போனதுலேர்ந்து வண்டியில ஒருத்தர் போனும் எடுக்க மாட்டான். எல்லாத்தையும் ஊமையாக்கி வெச்சிருந்தான். பொண்ணு வீட்டுக்காரங்க கூப்பிட்டும் எடுக்கல, திமிர் புடிச்சவன்னு அந்தச் சம்பந்தமே போச்சு. உங்களுக்கு மட்டும்தான் மணி அடிக்கும். தனியா இருக்கறவரு, எடுக்காம விட்டா ஏதாவது பண்ணிக்குவாரோன்னு அவனுக்குப் பயம். ரெண்டு வார்த்தை பேசி, நீங்க சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் அவனுக்கு உசிரு வரும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா போன அன்னைக்கும் நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினான். மாமாவுக்குத் தாங்காதும்மான்னான். அவனே போயிட்டான், இனி என்ன சத்தியம்? உங்ககிட்டதான சொல்றேன்."

ஆமாம் சார். அன்றைக்குக் கூப்பிட்டது நான்தான். நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. என் மனைவியின் போனில் சார்ஜ் இல்லை. இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விதான். "இருங்க மாமா, அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எழுத வேண்டிய இடத்தில். ஆனால் வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் கூப்பிட மட்டும்தான் செய்தேன். ஒரு தடவையாவது அவன் எடுக்காமல் இருந்திருக்கலாம்.