சொந்தம் இல்லை என்று ஒரு சொல்

— சிரிக்காதேங்கோ பேரின்பம் அங்கிள். லைசென்ஸ் கந்தோரில இருந்து விசாரிச்ச மனுசிக்கு நீங்கள் போனில சொன்ன கதையால என்ர லைசென்ஸ் அந்தரத்தில நிக்குது.

— நான் என்ன பிள்ளை பிழையாச் சொன்னனான்? "முதியோர் இல்லம் நடத்த லோஜினியை விட்டால் மொன்றியலிலயே ஆள் இல்லை" எண்டன்.

— அதுக்குப் பிறகு?

— எனக்கு நீ என்ன முறை எண்டு கேட்டா. "எங்கட பிள்ளை, என்ர பெறாமகள்" எண்டன்.

— ஐயோ! நீங்களும் அப்பாவும் அண்ணன் தம்பியோ? ஒரு இடத்தில டாக்ஸி ஓடினதுதானே. நான் எப்பிடிப் பெறாமகள்?

— டோர்வல் எயார்ப்போட் வாசலில, மைனஸ் முப்பது குளிரில, ஒரு பிளாஸ்க்கில தேத்தண்ணி குடிச்ச ஆக்கள் நாங்கள். அது சொந்தம் இல்லாட்டி வேற எது?

— அவைக்கு அது விளங்காது அங்கிள். நற்சாட்சி சொல்லுற ஆக்கள் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. எனக்குப் போலீஸ் ரிப்போட் சுத்தம், கைரேகை சுத்தம், சோதனையும் பாஸ். உங்கட வாயாலதான் எல்லாம் நிக்குது.

— விசர் விதி! சொந்தக்காரர்தானே பிள்ளை ஒருத்தற்ற குறையைத் தோண்டித் துருவிச் சொல்லுவினம். வெளியாள் ஏன் மினக்கெடப் போறான்?

— பகிடியை விடுங்கோ. எத்தினை வயசாளியளை என்னை நம்பி விடப்போகினம், சாப்பாட்டில இருந்து மருந்து வரைக்கும். என்ர ஆக்களே என்னைப் புகழ்ந்தால் ஆர் நம்புவினம்? நானே நம்பமாட்டன்.

— அது நியாயம்தான்.

— அப்ப இந்தாங்கோ போன். "லோஜினி சொந்தம் இல்லை, கோயில் முதியோர் சங்கத்தில என்னோட வேலை செய்த பிள்ளை" எண்டு சொல்லுங்கோ. இண்டைக்குச் சொல்லாட்டி, இல்லத்தில எனக்கு வைச்சிருக்கிற மனேஜர் இடம் வேற ஆளுக்குப் போயிடும். எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சனான்! பயமாக் கிடக்கு அங்கிள்.

— முதல் தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது.

— கதையை மாத்தாதேங்கோ!

— கேள் பிள்ளை. சொந்தம் இல்லை எண்டு என்ர வாயால வராது.

— ஒரு சொல்லுத்தானே! அதுதானே உண்மையும்!

— முந்தநாள் வரைக்கும் உண்மை. இண்டைக்கு அது பொய்.

— என்ன சொல்லுறியள்? எனக்குத் தலை சுத்துது.

— பயப்பிடாதை. காலமை மடாம் பேனாட்டோட கதைச்சனான்.

— சங்கத்துக்கு வந்து பிறஷர் பாக்கிற நேர்ஸோ?

— ஓம். உன்ர வேலையைக் கண்ணால கண்ட மனுசி. உடனயே லைசென்ஸ் கந்தோருக்குப் போன் அடிச்சு உனக்கு நற்சாட்சி சொல்லிட்டா. அவையும் சரி எண்டிட்டினம். உன்ர இடம் எங்கையும் போகாது.

— அங்கிள்! இதை வந்த உடன சொல்லியிருக்கலாமே! அழவைச்சுப் போட்டியள்.

— நீ எங்க பிள்ளை என்னைக் கதைக்க விட்டனீ?

— சரி, மெர்சி, கோடி நன்றி. ஆனா ஏன் இவ்வளவு சுத்து? நீங்களே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்குமே.

— லைசென்ஸ் விசயத்தில பொய் சொல்லேலாது பிள்ளை. முந்தநாள் எங்கட மகன் றஜிந்தன் உங்கட ரெண்டு பேற்ற விசயத்தையும் ஒண்டும் விடாமல் சொல்லிப்போட்டான். வாற ஞாயிறு நானும் அன்ரியும் கர்க்லாண்டுக்கு உங்கட வீட்டுக்கு வந்து உன்ர அப்பாட்ட உன்னைப் பொம்பிளை கேக்கப்போறம்.