கமா இல்லாத வுட்பீ

ஹலோ... ஹலோ, துஷாந்த்? யசோதினிதான்... லுணுகலை பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன்... இல்ல, இன்னும் ஏறல. பதுளையில எறங்கி பண்டாரவளைக்கு மாறணும், அந்த பதுளை பஸ் நிக்குது. ஏறுறதா வேணாமான்னு கேக்கத்தான் எடுத்தேன்.

காலையில ஃபேஸ்புக்ல என் போட்டோவுக்கு மேல என்ன எழுதினீங்க?... பரவால்ல, வாசிங்க... "மை வுட்பீ ஹூ டீச்சஸ் இன் லுணுகல இஸ் கமிங் டுடே." ஆ, அதுதான், கட்டிக்கப் போறவ இன்னைக்கு வர்றான்னு. நான் இங்கிலீஷ் டீச்சருங்க. திரும்பத் திரும்பப் படிச்சிட்டேன். ஒரு சொல்லுகூடப் பிழை இல்ல. அப்ப உங்க ஹோட்டல் டிலானி ஏன் கீழ "பண்டாரவளையில இருக்கிற வுட்பீ எங்க?"ன்னு கேட்டிருக்கா? ஊரே சிரிச்சிருக்கு. நீங்க அதுக்கு ஹார்ட் வேற!

பகிடியா? சும்மா வெளாட்டுக்கா?... ஆமா... ஆமா... பண்டாரவளையில இருக்கிறது யாரு? ஹோட்டல் ரிசப்ஷன்ல உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?... கத்தல. மெதுவாத்தான் பேசுறேன்.

என்னது? போடுறதுக்கு முன்னாடி அவகிட்ட காட்டினீங்களா?... "சூப்பர்"ன்னாளா! கட்டிக்கப் போறது இங்கிலீஷ் டீச்சர, இங்கிலீஷ் பாக்கிறதுக்கு டிலானியா?... ஆமா, நல்ல சர்ப்ரைஸ்தான்.

கதைய மாத்தாதீங்க... என்னது?... நமுனுகுலையில இருக்கிற அண்ணனா? அவரு வரல... இருங்க, இருங்க. ஏன் "நமுனுகுலையில இருக்கிற அண்ணன்"னு கேட்டீங்க? சும்மா அண்ணன்னு கேக்கலாமே?... ஆமா, எனக்கு ரெண்டு அண்ணன். எந்த அண்ணன்னு பிரிக்கத்தான்... ஐயோ! அதுதாங்க பிழை!

கேளுங்க... பஸ்ஸு நிக்கட்டும், கேளுங்க. அண்ணன் ரெண்டு பேரு. "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் நமுனுகுல"ன்னா கமா வேணாம். அந்த ஹூ ரெண்டுல ஒருத்தரைப் பிரிச்சு எடுக்குது. அம்மா ஒருத்திதான். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்கன்னு எழுதினா, அந்தத் துண்டுக்கு ரெண்டு பக்கமும் கமா வரணும். அது பிரிக்கல, கூட ஒரு விஷயம் சொல்லுது. அவ்வளவுதான்... ஆமா, தமிழ்ல "லுணுகலையில படிப்பிக்கிற, நான் கட்டிக்கப் போற பொண்ணு"ன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீங்க அதையே அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. கமா இல்லாம எழுதினா, கட்டிக்கப் போறவ இன்னொருத்தியும் எங்கயோ இருக்கான்னு அர்த்தம்.

விளங்கிச்சா? இப்ப திருத்துங்க. ஆனா யோசிச்சுத் திருத்துங்க. நெசமாவே ரெண்டு பேருன்னா தொடவே வேணாம், நீங்க எழுதினது ரொம்பச் சரி... அழல. தூசி... போனை வைக்காதீங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்... ஏன் இவ்வளவு நேரம்?... டிலானி பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடுக்காதீங்க! நீங்களே போடுங்க!

கண்டக்டர் அண்ணே, ஒரு நிமிஷம்ணே, ஏறிர்றேன்!

வந்துருச்சு... என்னங்க, முன்னால ஒரு கமாதான் இருக்கு. பின்னால?... ஆமா, அதுவும் வேணும். ஒரு பக்கம் மட்டும் அடைச்சா எப்படி?... ம்... ம்... சரி.

ஏறிட்டேன்... ஆமா, சீட் இருக்கு. டிலானி இன்னைக்கு டியூட்டிதானே? நல்லது. நேர்ல வந்து நானே அவளுக்கு விளங்கப்படுத்துறேன்: ஹூவுக்கு முன்னால ஒரு கமா, லுணுகலைக்குப் பின்னால ஒரு கமா. கமா ரெண்டு இருந்தா, ஆளு ஒருத்தி.

வைக்கிறேன்.