புள்ளிக் கோடு

ரேமோன்: எழுதித் தர்றேன்னு சொல்லிட்டு, பொட்டி பொட்டியா வரைஞ்சு வச்சிருக்கியேம்மா... இதான் எங்க குடும்ப வெப்சைட்டா?

கார்குழலி: இது வெப்சைட் இல்ல சார். வெப்சைட்ட செய்யற எடம். பட்டறைன்னு வச்சுக்குங்களேன்.

ரேமோன்: பட்டறையப் பாக்கவா உப்பளம் ஏரியாவுல ரெண்டு மாடி ஏற வச்ச? எழுபத்திரண்டு வயசு எனக்கு.

மரி: எழுபத்தி நாலு.

ரேமோன்: மரி, நீ சும்மா இரு.

மரி: சும்மாத்தான் இருக்கேன். வயச மட்டும் சரியா சொல்லுங்க.

கார்குழலி: அம்மா, நீங்க ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. சார், நீங்க இந்த நாற்காலி...

ரேமோன்: நான் நிக்கறேன். இருபத்தஞ்சு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்துல நின்னவன். விஷயத்துக்கு வா. எங்க குடும்பத்துல எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலேர்ந்து பொறப்பு, கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் பத்திரம் இருக்கு. ஒரு காகிதம் தொலைஞ்சதில்ல. அத எழுத்தா எழுதச் சொன்னா, நீ என்னமோ எலிய வச்சு இழுத்து வெளையாடற.

கார்குழலி: மவுஸ் சார்.

மரி: எல்லாம் எலிதான். எழுதறவங்களும் இருக்காங்களா இந்த ஆபீஸ்ல?

கார்குழலி: இருக்காங்கம்மா. எங்க மொதலாளி வடிவேல் சாரே அந்தக் கட்சிதான். கையால புரோகிராம் எழுதறவன்தான் வேலக்காரன், நீ கோலம் போடறவன்னு என்னத் தெனம் ஓட்டுவாரு. அவரு ரெண்டு மாசம் எழுதறத நான் நாலு நாள்ல முடிச்சேன். இப்ப பேச்சக் காணோம்.

ரேமோன்: போன வாரம் எனக்கு எழுத்தாத்தானே அனுப்பின? நாப்பத்திரண்டு பக்கம்?

கார்குழலி: நீங்க கேட்டீங்கன்னு அனுப்பினேன். நீங்களும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, கடைசியில பிரெஞ்சுல என்னமோ எழுதித் திருப்பி அனுப்பிட்டீங்க.

ரேமோன்: 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்'னு எழுதினேன். கையெழுத்துக்கு மேல அத எழுதினாத்தான் காகிதம் செல்லும். அது எங்க வழக்கம்.

கார்குழலி: படிச்சீங்களா சார்?

ரேமோன்: ஒப்புக்கொண்டேன்.

மரி: டீ ஆறுது. குடிங்க.

ரேமோன்: அதுல என்ன படிக்கறது? பாதி இங்கிலீஷு, பாதி அடைப்புக்குறி. நடுவுல நடுவுல எங்க ஆளுங்க பேரு. எங்கப்பாவ ரெண்டு அடைப்புக்குறிக்குள்ள போட்டு வச்சிருந்த. ஜெயில்ல போட்ட மாதிரி.

கார்குழலி: அதுக்குத்தான் சார் நேர்ல வந்து படத்தப் பாருங்கன்னு கூப்பிட்டேன். இந்தப் பக்கம் பாருங்க, அதே எழுத்துதான். இந்தப் பக்கம் படம். நான் இந்தப் பொட்டிய இப்படி இழுக்கறேன்... அங்க எழுத்து தானா மாறுது, பாத்தீங்களா?

ரேமோன்: மாறுது... ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்கு ரெண்டு?

கார்குழலி: எழுத்து கம்ப்யூட்டருக்கு. படம் உங்களுக்கு.

ரேமோன்: எனக்கு எதுக்குப் படம்? நான் என்ன கொழந்தையா?

மரி: எனக்குப் புரியுதுங்க. ஒரு பொட்டி ஒரு ஆளு. நடுவுல கோடு போட்டா கல்யாணம். கீழ கோடு எறங்கினா புள்ள.

கார்குழலி: அவ்ளோதாம்மா! எதாவது தப்பா இருந்தா பாத்ததும் தெரிஞ்சிடும். அவங்கவங்க குடும்பம் அவங்கவங்களுக்குத்தானே தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?

ரேமோன்: தப்பு இருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரும் எங்க வீட்டுல ஒக்காந்து தெறக்கப் போறோம். அதே நேரம் பாரீசுல என் மவன் மாக்சிம் தெறக்கறான். அவன் பெண்டாட்டி அலெக்சாந்த்ரா, அவளோட அப்பா அம்மா, சொந்தக்காரங்க, எல்லாம் கூடி நின்னு பாப்பாங்க. ஒரு எழுத்து பெசகினாலும் எங்க மானம் போயிடும். குடு அந்த எலிய. நானே பாக்கறேன்.

கார்குழலி: தூக்காதீங்க சார். மேசைமேலயே வச்சுத் தள்ளுங்க.

ரேமோன்: தள்ளிட்டேன்... எங்க? எங்கப்பா எங்க? இப்ப இங்கதான இருந்தாரு!

கார்குழலி: போகல சார், நீங்க அவர மேல தள்ளிட்டீங்க.

மரி: அவர் மேல போயி முப்பது வருஷம் ஆச்சு. இன்னுமா தள்ளுறீங்க?

ரேமோன்: மரி!

கார்குழலி: இந்தச் சக்கரத்த மெதுவா சுத்துங்க. ம்... வந்துட்டாரு பாருங்க. அவருக்குக் கீழ நீங்க. உங்க பக்கத்துல அம்மா. உங்களுக்குக் கீழ...

ரேமோன்: இரு. எனக்குக் கீழ ரெண்டு கோடு எறங்குதே.

கார்குழலி: ஆமா சார். ரெண்டு பேரு.

ரேமோன்: எனக்கு ஒரு புள்ளதான். மாக்சிம்.

கார்குழலி: இல்ல சார், ரெண்டு பேரு. இவரு மாக்சிம். இவங்க ஏஸ்தெல். வீட்டுக்காரர் சிலம்பரசன்... என்ன சார்?

ரேமோன்: யாரு குடுத்தா இந்தப் பேர?

கார்குழலி: நீங்க குடுத்த பட்டியல்ல இருந்துது சார். ஏன், தப்பா? அம்மா, இது உங்க...

மரி: கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. பிசுக்கா இருக்கு.

ரேமோன்: கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இந்தப் பேரு நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துல இல்லவே இல்ல.

கார்குழலி: இருக்கு சார். பதினேழாம் பக்கம். இதோ ஃபைல்லயே இருக்கு... பாருங்க, கடைசி வரி. அதுக்குக் கீழதான் உங்க கையெழுத்து. எனக்கு ஒண்ணுமே புரியல. இவங்க உங்க பொண்ணா, இல்லையா?

மரி: நான்தான் எழுதிக் குடுத்தேன். பட்டியல் உங்க கைய விட்டுப் போனதும், கடைசியில ரெண்டு வரி சேத்துக் குடுத்தேன்.

ரேமோன்: எனக்குத் தெரியாமலா?

மரி: எழுத்தோட எழுத்தாப் போயிடும்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் தெறக்கும்போது அவ பேரு வந்துடும், அப்ப உங்களால வாயத் தெறக்க முடியாதுன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு படமாப் போட்டு முன்னாடியே காட்டும்னு நான் என்னத்தக் கண்டேன்?

கார்குழலி: ஐயோ, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?

மரி: சொன்னா நீ சாரக் கேட்டுக்கறேன்னு சொல்லியிருப்ப.

கார்குழலி: ...சொல்லியிருப்பேன்.

ரேமோன்: இந்தாம்மா, கேட்டுக்க. ஆறு வருஷம் முன்னாடி அவ வீட்ட விட்டுப் போனா. பையன் மேட்டுப்பாளையத்துல ஏதோ கம்பெனியில வேல. அவங்கப்பன் மில்லுல தறி ஓட்டினவன். கோயில்ல கல்யாணம் இல்ல. நம்ம ஆளுங்க எனக்கு எதிர்ல வந்தா பேச்ச மாத்துவாங்க. அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல அந்தப் பேரு கெடையாது. எடு.

கார்குழலி: எடுக்கணுமா சார்?

ரேமோன்: எடு.

கார்குழலி: அம்மா...

மரி: எடும்மா. ஞாயித்துக்கெழம அவரு தல நிமிந்து ஒக்காரணும் இல்ல. எடு. நான் ஃபேனுக்குக் கீழயே ஒக்காந்துக்கறேன்.

கார்குழலி: ...எடுக்க மாட்டேங்குது சார்.

ரேமோன்: என்ன, நீயும் அவ கூட சேந்துட்டியா?

கார்குழலி: இல்ல சார், நீங்களே அழுத்திப் பாருங்க. செவப்பாக் காட்டுது பாருங்க. இவங்களுக்குக் கீழ ஒருத்தர் இருக்காரு. நடுவுல இருக்கறவங்கள எடுத்தா கீழ இருக்கறவரு அந்தரத்துல நிப்பாரு. அதனால விடாது.

ரேமோன்: கீழ ஒருத்தரா? யாரு?

மரி: ஜோனத்தான். அஞ்சு வயசு முடியப்போவுது. மூக்கு உங்க மூக்கு.

ரேமோன்: உன்ன யாரு கேட்டா?

மரி: இப்பத்தான கேட்டீங்க, யாருன்னு.

ரேமோன்: அது... நான் கம்ப்யூட்டரக் கேட்டேன்.

கார்குழலி: வேணும்னா மூணு பேரையும் சேத்து எடுக்கலாம் சார். மொதல்ல கொழந்தைய எடுக்கணும். அப்பறம் அவங்க அம்மா, அப்பறம் அப்பா. எடுக்கட்டுமா?

ரேமோன்: இரு... என்ன அவசரம் உனக்கு? பாத்துட்டுத்தான இருக்கேன்... இது என்னாது? எல்லாக் கோடும் கெட்டியா இருக்கு. எங்கப்பா எங்கம்மா, கெட்டிக் கோடு. மாக்சிமுக்குக் கெட்டிக் கோடு. அவளுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவுல மட்டும் விட்டு விட்டுப் போகுது? மை தீந்துடுச்சா?

கார்குழலி: கம்ப்யூட்டருக்கு ஏது சார் மை? அது புள்ளிக் கோடு. கல்யாணத்துக்கு ஆதாரம் முழுசா இல்லன்னா அப்படித்தான் வரும்.

ரேமோன்: யாரு போட்ட சட்டம் அது?

கார்குழலி: நீங்க போட்டதுதான். மொத நாள் வந்தப்போ சொன்னீங்களே. கோயில் கல்யாணம்னா ரெண்டு சாட்சி பேரு, ரெஜிஸ்டர் கல்யாணம்னா மூணு சாட்சி பேரு, தேதியோட இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் அத உறுதியான கல்யாணமா காட்டக் கூடாதுன்னு. அதத்தான் நான் படத்துல வச்சேன்.

ரேமோன்: அதுக்காக? அலெக்சாந்த்ரா வீட்டு ஆளுங்க கூடி நிக்கும்போது, என் பொண்ணு மட்டும் புள்ளிக் கோட்டுல நிக்கறதா? பாக்கறவன் என்ன நெனப்பான்? கல்யாணம் பண்ணாம குடும்பம் நடத்தறான்னு நெனக்க மாட்டான்?

கார்குழலி: சார்... எடுக்கணுமா, கெட்டியாக்கணுமா? எனக்குத் தல சுத்துது.

ரேமோன்: எடுக்கறது வேற பேச்சு. அவமானப்படுத்தறது வேற பேச்சு. என் குடும்பத்துல பத்திரம் இல்லாத கல்யாணம் ஒண்ணு கெடையாது. அவ சொல்லாமப் போனது தப்பு. கல்யாணம் முறையாத்தான் நடந்துது.

மரி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரேமோன்: ...நடந்திருக்கும். என் வளர்ப்பு.

மரி: ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் வளர்ப்பு ஞாபகம் வருதா?

ரேமோன்: வம்பு வளக்காத, மரி. இந்தாம்மா, அத கெட்டியாக்கு.

கார்குழலி: நான் ஆக்க முடியாது சார். கோட்டுமேல அழுத்தினா கட்டம் தெறக்கும். எல்லாத்தையும் நெரப்பினா தானா கெட்டியாகும். இதோ... கல்யாண நாள்?

மரி: ரெண்டாயிரத்து ஒண்ணு, ஜூன் பதினொண்ணு. திங்கக்கெழம.

கார்குழலி: எடம்?

மரி: ரெஜிஸ்டர் ஆபீஸ்.

கார்குழலி: மொத சாட்சி?

மரி: பக்கிரி. பையனோட கூட வேல செய்யறவரு.

கார்குழலி: ரெண்டாவது?

மரி: வசந்தா. ஏஸ்தெல் கூடப் படிச்ச பொண்ணு.

கார்குழலி: மூணாவது?

மரி: அதுதான் எனக்குத் தெரியல. ஏஸ்தெல்கிட்ட கேக்காத நாள் இல்ல. மூணாவதா வரேன்னவன் கடைசி நேரத்துல வரல, ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதோம், யாரோ வழியில போனவரு வந்து கையெழுத்துப் போட்டாருன்னு சொல்லுவா. பேரு என்னடின்னா, பேச்ச மாத்திடுவா.

கார்குழலி: பேரக் கேக்காமலா கையெழுத்து வாங்குவாங்க?

மரி: அதத்தாம்மா நானும் கேட்டேன். 'சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேம்மா'ங்கறா. வழியில போனவனுக்கு எதுக்குடி சத்தியம்னேன். அழறா.

கார்குழலி: மூணாவது கட்டம் காலியா இருந்தா புள்ளிக் கோடுதான் சார். சும்மா ஒரு பேரப் போட்டுடட்டுமா? பாரீசுல இருக்கறவங்களுக்கு என்ன தெரியப் போவுது?

ரேமோன்: பொய்ப் பேரா? எங்க குடும்பப் பத்திரத்துலயா?

கார்குழலி: அப்ப இப்படியே விட்டுடறேன் சார். நேரமாவுது.

ரேமோன்: விடாத.

மரி: என்னங்க... எதுக்கு இப்ப ஒக்காந்துட்டீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?

ரேமோன்: ஒண்ணும் வேணாம்... நீ அந்தக் கட்டத்துல எழுதும்மா. வழியில போனவன்தான். பேரு ரேமோன்.