கிளம்பும் பிள்ளையை எங்கே என்று கேளுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அம்மையார் சரஸ்வதியம்மாள் அவர்களே, கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, வாசல்வரை வந்து பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு உள்ளே போய்க் கவலைப்படும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் கோலப்பனின் பணிவான வணக்கம்.

எழுபதைத் தாண்டி எழுத்துப் படித்தவன் நான். இந்தப் பேச்சை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆகவே மெதுவாகத்தான் வாசிப்பேன். பின்வரிசையில் யாரோ கண்ணாடியைப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிட்டேன் ஐயா. கண்ணாடியும் புதிது, கற்ற எழுத்தும் புதிது, களிப்பும் புதிது.

சற்று முன் நீங்கள் பொன்னாடை போர்த்திய ஆர்ஷா, என் மகள் கௌசல்யாவின் மகள். சிவில் இன்ஜினியரிங் படித்தவள். படித்துக்கொண்டே விழிஞ்ஞத்துக் கடலில் ஸ்கூபாவும் பழகினாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் முங்குவது. ஒரு கையில் கல்லூரி, ஒரு கையில் கடல். எதை விடுவாள்? எதைத்தான் விடுவாள்?

இந்தக் கடல் சங்கதி எதுவும் எங்கள் வீட்டுக்குத் தெரியாது. ஏன் தெரியாது? கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தலையாட்டுகிறீர்கள், உங்கள் வீட்டிலும் உண்டு. ஞாயிறுதோறும் பையோடு போனாள், கேட்கவில்லை. ஈரத் தலையோடு வந்தாள், கேட்கவில்லை. கோயில் குளத்தில் குளித்து வருகிறாள், நல்ல பக்தி என்று நான் பெருமைப்பட்டேன். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொள்கிறேன்.

படிப்பு முடிந்ததும் வேலை ஒன்று வந்தது. பாலத்தின் தூண்களைத் தண்ணீருக்கடியில் போய்ப் பார்த்து, விரிசலை அளந்து, சரிசெய்யும் வழி சொல்லும் வேலை. இன்ஜினியராகவும் இருக்க வேண்டும், முங்கவும் தெரிய வேண்டும். அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

"இன்ஜினியருன்னா ஏசி ஆபீஸ்ல இருக்கணும். நீ மீனுக்கா வீடு கட்டிக் குடுக்கப் போறே?" என்றாள் கௌசல்யா.

"ஒரு தடவ வந்து பாரும்மா. பாத்துட்டு நீ வேண்டாம்னு சொன்னா, நான் இந்த ஜோலிய விட்டுடறேன்" என்றாள் ஆர்ஷா.

சொன்னால் சொன்னதுதான் அவள். பேத்தியின் வாழ்வு மகளின் ஒரு சொல்லில் நின்றது. வேலைக்கு எடுப்பதற்குமுன் வைத்த சோதனை நாளன்று, பழைய படகுத்துறை ஒன்றுக்கு நானும் கௌசல்யாவும் போனோம். ஆர்ஷாவோடு சேர்ந்து முங்குகிற வலியசாலைப் பையன் வினீத், தண்ணீரில் இறங்கப் போனவளைத் தடுத்து நிறுத்தினான்.

"எங்கே போறோம்?"

"கடைசித் தூணோட அடிக்கு."

"காத்து?"

"ஃபுல்."

"எப்போ மேலே வரணும்?"

"பாதி தீரும்போ திரும்பணும்."

கௌசல்யா பதறிவிட்டாள். "ஏன்டே, கடலுக்குக் கெளம்புன பிள்ளய மறிச்சு இப்பிடியா கேப்பாவ? வேற நேரம் கெடைக்கல்லியா ஒனக்கு?"

"கேக்காம விட்டா எங்கே போய்த் தேடுவேன் மாமி?" என்றான் அவன். "கேட்டுட்டுத்தான் இறங்கணும். அதானே இங்கே சட்டம்."

இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் மூடிக்கொண்டது. கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசித் தூணையே பார்த்தாள். ஒருமுறை மெல்ல, "அங்கதான் இருக்கா அப்பா" என்றாள். இத்தனை ஞாயிறுகளில் தன் பிள்ளை இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்த முதல் நாள் அது.

ஆர்ஷா மேலே வந்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டுத் தாயைப் பார்த்தாள். "என்னம்மா, விட்டுடட்டா?"

கௌசல்யா கேட்டாள்: "வெடிப்பு இருந்துச்சா மக்ளே?"

"இருந்துச்சும்மா."

"பின்ன நீ விட்டுட்டா அத யாரு பாப்பா?"

தாய்மார்களே, ஆழம் பயமா? இருட்டு பயமா? இல்லை. அறியாமல் இருப்பதுதான் பயம். கேட்பது கெடுதல் அன்று; கேட்பது காவல். கேட்பது கண்காணிப்பும் அன்று. கேட்பது கைகோத்து நிற்பது. நாளை ஆர்ஷா வேலையில் சேருகிறாள். வாசலில் நின்று கௌசல்யா கேட்பாள்: எங்கே, எவ்வளவு ஆழம், கூட யார், எப்போது வருவாய். அத்தனைக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் அவள் படி இறங்குவாள்.

நானும் இப்போது இந்த மேடைப்படி இறங்கப் போகிறேன். எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். என் மகள் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்வேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.