கல்லீரலிடம் சிபாரிசு செல்லாது

பெற்றோர் இட்ட பெயர் ஒன்றிருந்தும் இந்தப் பேருந்துப் பணிமனையில் 'ஊதுங்க சார்' என்றே அழைக்கப்படுபவன் நான். நாள்தோறும் வாயிற்கதவில் ஓட்டுநர்களின் மூச்சில் மது உண்டா என்று கருவியால் சோதிப்பவன். எட்டு மணிக்குக் குடும்பச் சுற்றுலாப் பேருந்து புறப்படுமுன் ஒரு மூடநம்பிக்கையை முறிப்பதே என் நோக்கம்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மேலாளர் அவர்களே! முப்பதாண்டு விபத்தின்றி வண்டியோட்டிய மூத்தோர்களே! பிள்ளைகளுக்குத் தலைவாரி, தொப்பி மாட்டி, தண்ணீர்ப் புட்டியோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நேற்றைய பிரிவுபசார விருந்தின் களைப்பால் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்திருக்கும் கனவான்களே! வணக்கம்.

உள்ளே போன மது எப்படி வெளியேறுகிறது? நம் மேதைகளிடம் வைத்தியங்கள் உண்டு. ஒருவர் வாய் நிறையக் கிராம்பு மென்றார். ஐயா, கருவிக்கு மூக்கு இல்லை. அது வாசனையை அளப்பதில்லை, மதுவை அளக்கிறது! இன்னொருவர், நம் வெல்டர், வேர்வையில் இறங்கிவிடும் என்று முற்றத்தை ஏழு முறை சுற்றி ஓடினார். வந்து ஊதினார். மூச்சு வாங்கியது, எண் இறங்கவில்லை!

"குளிச்சா போயிடும் சார்!"

யாரது, பின்வரிசையில்? பச்சைத் தண்ணீரில் குளித்தால் குடிகாரர் ஈரமான குடிகாரர் ஆவார், அவ்வளவே!

சிறு பங்கு மூச்சிலும் சிறுநீரிலும் வேர்வையிலும் வெளியேறும். பெரும்பங்கைச் சிதைப்பது கல்லீரல். அதன் வேகம் என்ன? ஏறக்குறைய மணிக்கு ஓர் அளவு, அதாவது ஒரு சிறிய பெக். சிலருக்கு அதுவும் இல்லை. அதனிடம் சிபாரிசு செல்லுமா? செல்லாது! சங்கத் தீர்மானம் செல்லுமா? செல்லாது! காப்பி கொடுத்துக் காரியம் சாதிக்க முடியுமா? முடியாது! காப்பி உறங்குபவரை விழிக்கவைக்கும், குடித்தவரைத் தெளியவைக்காது.

இனி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இன்றைய பேருந்தின் ஓட்டுநர், என் மனைவியின் தம்பி. இதோ, முதல் வரிசையில் மூன்றாவது குவளைக் காப்பியோடு வீற்றிருக்கிறார். காலையில் கேட்டேன்: "மாப்ளே, ராத்திரி எத்தனை?"

"பத்து இருக்கும் மச்சான். ஒரு மணிக்கே நிறுத்திட்டேன். அஞ்சு மணி நேரம் நல்லாத் தூங்கியாச்சு, எல்லாம் சரியாப் போச்சு!"

தூங்கினாராம், சரியாகிவிட்டதாம்! அவையோரே, உறங்கியது இவர்; கல்லீரலையும் சேர்த்துத் தாலாட்டினாரா? நேற்றிரவு பத்து மணிக்குத் தொடங்கினார்; பத்து அளவு; மணிக்கு ஒன்று. இப்போது ஏழரை; ஒன்பதரை மணி நேரமே ஆகிறது. மணிக்கு ஒன்று தவறாமல் முடிக்கும் கல்லீரலுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. இவருடையதோ, இவரைப் போலவே நிதானமானது!

"மச்சான், மானத்த வாங்காதீங்க! நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்!"

உட்காருங்கள் மாப்பிள்ளை. எழுந்தபோது நாற்காலியும் உங்களோடு எழுந்தது.

தாய்மார்கள் வரிசையிலிருந்து என் மனைவி முறைக்கிறாள். வீட்டிலேயே சொல்லிவிட்டாள்: "என் தம்பிய எல்லார் முன்னாடியும் ஊத வச்சீங்கன்னா, அப்புறம் சோத்துக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க." வராமல் இருந்துவிடுகிறேன், அம்மணி! பட்டினி கிடந்தால் ஒரு வேளை பசி. ஆனால் அந்தப் பேருந்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஜன்னலோரம் வேண்டுமென்று நேற்றே அடம்பிடித்து, ஏழாம் இருக்கையில் துண்டு போட்டு வைத்திருப்பவள் யார்? நம் மகள்! மலைப்பாதை வளைவில் கறுப்புக் கண்ணாடி காப்பாற்றுமா? கிராம்பு காப்பாற்றுமா? உன் தம்பியின் மானம் காப்பாற்றுமா?

இதோ, என் மனைவியே எழுந்துவிட்டாள். என்ன சொல்கிறாய்?

"முதல்ல நீங்க ஊதுங்க. நீங்களும்தானே விருந்துக்குப் போனீங்க?"

சரியான கேள்வி! விதி முப்பத்திரண்டு: சோதிப்பவரும் சோதனைக்கு உட்பட்டவரே. பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. கைதட்டிய கைகளுக்கும், கிராம்பு மென்றபடியே கேட்ட வாய்களுக்கும் வணக்கம்.

இப்போது நான் மேடையை விட்டு இறங்குகிறேன். உங்கள் கண்ணெதிரே முதலில் நான் ஊதுவேன். அடுத்து, கருவியின் ஊதுகுழலை மாற்றி என் மைத்துனரிடம் நீட்டுவேன். பூஜ்யம் காட்டாதவர் யாராயினும், வண்டிச் சாவியை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார்.